கண்ணொளி பெருக்கிய கைகள்

மக்கள் உடம்பிலுள்ள ஐம்பொறிகளுள் கண்ணே தலைசிறந்தது என்பது யாவர்க்கும் உடன்பாடு. கண்ணொளி குன்றினால் உழவர் வரப்பையும், நெசவாளர் நூலிழையையும், தாயர் தம் மக்களின் முகத்தையும் காண இயலாது வருந்துவர். உழைத்து உண்ணும் ஏழைக்குக் கண் போயின் பார்வையோடு பிழைப்பும் போய்விடும். இத்துன்பத்தைக் களைவதையே வாழ்நாட் கடமையாக மேற்கொண்டு, பாண்டிநாட்டில் அரும்பெருந்தொண்டு ஆற்றியவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஆவார். அவர் தம் கையால் ஒரு நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அதனினும் பெரியதொரு செயலையும் செய்தார். தாம் வல்ல தொழிலையும், தாம் தனித்துப் பயிலாத தொழிலையும் பிறர் கற்று, மேலும் பலர்க்குக் கற்பிக்குமாறு வழிவகுத்தார். அவ்வரலாறு மாணவர் அனைவரும் அறியத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

எட்டயபுரத்திற்கு அருகே கரிசல் நிலத்தின் நடுவே அமைந்தது வடமலாபுரம் என்னும் சிற்றூர். அவ்வூரில் கோவிந்தப்பர் என்னும் உழவருக்கு 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் வெங்கடசாமி பிறந்தார். மக்கள் ஐவருள் இவரே மூத்தவர். அக்காலத்தில் அச்சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தாளும் எழுதுகோலும் எளிதிற் கிடைக்கவில்லை. மணலில் விரலால் எழுதியே அவர் எழுத்தறிந்தார். வயல் வேலையிலும் ஆடு மாடு மேய்த்தலிலும் பெற்றோர்க்குத் துணைநின்றார்.

அவர் சிறுவராய் இருந்தபோது, உறவுப் பெண்கள் மூவர் கருவுற்ற நிலையில் உரிய மருத்துவமின்றி இறந்தனர். ஊரில் மருத்துவர் எவரும் இலர். இக்கொடுமை அவ்விளநெஞ்சில் ஆழப் பதிந்தது. தாம் மருத்துவராகி மகப்பேற்றுத் துறையில் பணிபுரிய வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

நோயும் நெஞ்சுறுதியும்

1945இல் அவர் படைத்துறை மருத்துவராகச் சேர்ந்தார். ஆயின் விதி வேறு வழியில் திரும்பியது. கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. உடம்பிலுள்ள மூட்டுகள் எல்லாம் வீங்கின. நிற்கவும் நடக்கவும் இயலாது நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். கைவிரல்கள் வளைந்து முறுக்கிக்கொண்டன. எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாயிற்று. 1948இல் அவர் படைத்துறையினின்றும் விடுவிக்கப்பட்டார். மகப்பேற்று மருத்துவர் ஆகவேண்டும் என்ற நெடுநாள் எண்ணம் இனி நிறைவேறாது என்பது தெளிவாயிற்று.

அந்நிலையில் பிறராயின் மருத்துவத் தொழிலையே துறந்திருப்பர். வெங்கடசாமியோ கண் மருத்துவத் துறையைத் தேர்ந்தார். வளைந்த விரல்களை நாள்தோறும் பழக்கினார். தம் கைக்குப் பொருந்தும் வகையில் அறுவைக் கருவிகளை அமைத்துக்கொண்டார். மெல்ல மெல்ல அவ்விரல்கள் அவர் ஏவலுக்கு இணங்கின. 1951இல் கண் மருத்துவப் பட்டயமும், பின்னர் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகளைச் செய்யும் அளவிற்கு அக்கைகள் தேர்ச்சி பெற்றன.

தாமே நேரில் பட்டறிந்த இவ்வுண்மையை அவர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. கைத்திறன் பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. முடங்கிய விரல்களையே பழக்க இயலுமாயின், நல்ல விரல்கள் உடைய இளைஞரைப் பழக்குதல் அரிதோ? இவ்வெண்ணமே பிற்காலத்தில் அவர் நிறுவிய பயிற்சிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

மதுரையில் பணி

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்கு அவர் தலைவரானார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே நோயாளர்க்கு மருத்துவமும் மாணவர்க்குக் கல்வியும் வழங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாத ஏழை மக்களைத் தேடி மருத்துவரே செல்லவேண்டும் என்று கருதி, ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். கண்புரையால் பார்வை இழந்து, பிறர் கைப்பிடித்து வந்த முதியோர் பலர், பார்வை பெற்றுத் தாமே நடந்து வீடு திரும்பினர். அவர்தம் தொண்டினைப் பாராட்டி இந்திய அரசு 1973இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1976இல், 58ஆம் வயதில், அவர் அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். ஓய்வு என்னும் சொல் அவர்க்குப் பொருந்துவதன்று. அவ்வாண்டிலேயே மதுரை அண்ணா நகரில், ஒரு வீட்டில், 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவரும் தோள்கொடுத்தனர். வசதி உடையோர் தரும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதார்க்கு இலவச மருத்துவம் செய்வது அம்மருத்துவமனையின் நெறியாயிற்று.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை உசிலம்பட்டியைக் கடந்ததும் மலைகளுக்கிடையே ஏறி இறங்கும். அதுவே ஆண்டிபட்டிக் கணவாய். அதனைத் தாண்டினால் ஆண்டிபட்டியும், அதற்கப்பால் தேனியும் தோன்றும். தேனிக்குத் தெற்கிலும் மேற்கிலும் கம்பம் பள்ளத்தாக்கு மேற்குமலைத் தொடரின் அடிவரை பரந்து கிடக்கிறது. ஆண்டிபட்டியைச் சூழ்ந்த பகுதியில் மானாவாரிப் புன்செய்களில் உழைப்போரும், சுப்புலாபுரம் முதலிய ஊர்களில் தறியில் அமர்ந்து நெய்வோரும் மிகுதி. இவர்கள் தொழிலுக்குக் கண்ணே முதல்.

முன்னாளில் இம்மக்களுக்குக் கண்ணில் பெருநோய் கண்டால், கணவாயைக் கடந்து மதுரைக்கே செல்லவேண்டும். தேனியிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒருவர் மருத்துவமனைக்குச் செல்வதாயின் துணைக்கு மற்றொருவரும் செல்லவேண்டும். இருவர்க்கும் அன்றைய கூலி போகும். வழிச்செலவும் உணவுச் செலவும் கூடும். ஆதலின் பலர் பார்வை மங்கியதை முதுமையின் குறை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

இந்நிலையை உணர்ந்த வெங்கடசாமி, மதுரைக்கு வெளியே தம் மருத்துவமனையின் முதற்கிளையைத் தேனியிலேயே அமைத்தார். 1985இல் அது திறக்கப்பெற்றது. அதன் பின்னரே திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய பெருநகரங்களில் கிளைகள் எழுந்தன. பெருநகரங்களை முந்தி ஒரு பள்ளத்தாக்கு ஊர் இச்சிறப்பினைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

விழித்திரை என்னும் நுண்படலம்

முகாம்களாலும் கிளை மருத்துவமனைகளாலும் கண்புரை நோய்க்குத் தீர்வு கிடைத்தது. ஆயின் எல்லாக் கண்நோயும் கண்புரை அன்று. கண்புரை என்பது விழியின் முற்பகுதியில் உள்ள வில்லை மங்குதல். அது சில திங்கள் பொறுக்கும். முகாம் வரும்வரை நோயாளர் காத்திருக்கலாம். விழியின் பிற்பகுதியில் வரும் நோய்களோ பெரும்பாலும் காத்திரா.

விழியின் உட்சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். வெளியுலகின் ஒளி அதன்மீது விழுந்து, நரம்பின் வழியே மூளைக்குச் செல்வதாலேயே நாம் காண்கிறோம். இப்படலத்தில் கிழிசல் உண்டானால், விழியினுள் உள்ள நீர்மம் அதன் வழியே புகுந்து, சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தால் உரிவதுபோல் படலத்தை உரித்துவிடும். உரிந்த பகுதி உயிரூட்டம் இழந்து நாளடைவில் பயனற்றுப்போகும்.

ஆண்டிபட்டியில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரைக் கருதுவோம். திடீரென்று அவர் கண்ணில் மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள் தோன்றுகின்றன. கரும்புள்ளிகள் பல மிதக்கின்றன. பின்னர் ஒரு பக்கத்தில் திரைச்சீலை இறங்கியது போன்ற இருள் படர்கிறது. வலி சிறிதும் இல்லை. வலி இல்லாமையால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிடுகிறார். விழித்திரையின் நடுப்பகுதி உரிவதற்கு முன் அறுவை செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். நடுப்பகுதியும் உரிந்து நாட்கள் கடந்தால், அறுவை செய்தும் பழைய பார்வை முழுதும் மீளாது. இந்நோயில் வலியின்மையே பகையாகிறது, காலமே மருந்தாகிறது.

இந்நோய் நெடுங்காலம் தீராநோய் என்றே கருதப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டின் லொசான் நகரில் வாழ்ந்த ஜூல் கோனன் என்னும் மருத்துவரே, கிழிசலே நோயின் காரணம் என்பதைக் கண்டு, அதனைச் சூட்டினால் அடைத்துக் குணப்படுத்தும் முறையை நிறுவினார். அறிஞர் பலர் முதலில் அதனை நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டிலேயே அது ஏற்கப்பட்டது. பல நாட்டு மருத்துவர்கள் லொசான் சென்று, அவர் அருகில் நின்று பார்த்துக் கற்றுத் தத்தம் நாடு திரும்பினர். 1970இல் ராபர்ட் மாகமர் என்பவர் அமெரிக்காவில் மற்றொரு முறையைக் கண்டார். விழியினுள் நுண்கருவி செலுத்தி, அங்குள்ள கூழ்போன்ற பொருளை வெட்டி அகற்றும் முறை அது. இம்முறைகளை நூலில் படித்து மட்டும் ஒருவர் செய்துவிட இயலாது. வல்லவர் ஒருவர் அருகில் நின்று நெடுநாள் பழகவேண்டும்.

மாணவரிடம் ஒப்படைத்த துறை

வெங்கடசாமி கண்புரை அறுவையில் இணையற்றவர். ஆயினும் விழித்திரை அறுவைக்கு வேறு கருவிகளும், வேறு பயிற்சியும், அதற்கெனவே வாழ்வை ஒப்படைத்தவரும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய மாணவரும் தங்கையின் கணவருமான மருத்துவர் நம்பெருமாள்சாமி தேனிப் பகுதியில் பிறந்தவர். அவர் அமெரிக்கா சென்று விழித்திரை மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அரவிந்த் மருத்துவமனையில் அத்துறையை அமைத்து வளர்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியர், தம்மினும் ஒரு துறையில் மிக்க மாணவருக்கு மகிழ்ந்து இடம் தருதல் பெருந்தன்மை ஆகும். அப்பெருந்தன்மை வெங்கடசாமியிடம் இருந்தது.

அம்மருத்துவமனையில் கண் மருத்துவ முதுநிலைக் கல்வி 1982இல் தொடங்கப்பெற்றது. அதன் மேல், ஒரு துறையில் மட்டும் ஆழ்ந்து பயிலும் பெல்லோஷிப் என்னும் உயர்பயிற்சியும் வளர்ந்தது. விழித்திரைத் துறையில் இப்பயிற்சி ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடைபெறும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட மருத்துவக் கல்வியும், அதன்பின் கண் மருத்துவக் கல்வியும் முடித்தவரே இதிற் சேர்வர். முன்னரே கண் மருத்துவராகிவிட்ட ஒருவர் மீண்டும் மாணவராய் அமர்வதற்கு அடக்கம் வேண்டும்.

பயிற்சியின் முதற்படி பார்த்தல். நெற்றியில் விளக்குடன் கூடிய கருவியை அணிந்து, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, விழியின் உட்புறத்தை மூலை முடுக்கெல்லாம் நோக்கப் பழகவேண்டும். அதில் காணும் உரு தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். பார்த்ததைத் தாளில் வண்ணத்தால் வரைதல் மரபு. ஒட்டியுள்ள விழித்திரைக்குச் சிவப்பு; உரிந்த பகுதிக்கு நீலம்; கிழிசலுக்கு நீலக்கரையிட்ட சிவப்பு. கண்ணுக்குத் தப்பிய கிழிசல் ஒன்றிருந்தாலும் அறுவை வீணாகும். ஆதலின் வரையும் கை, பார்க்கும் கண்ணைத் திருத்துகிறது.

இரண்டாம் படி துணை நிற்றல். மூத்தவர் அறுவை செய்யும்போது அருகிருந்து கருவி கொடுத்து, அவர் கை அசையும் அளவையும் அசையாது நிற்கும் அளவையும் கற்பர். அறுத்த ஆட்டின் கண்ணில் தையலும் வெட்டும் பழகுதலும் உண்டு. மூன்றாம் படி, அறுவையின் ஒரு சிறு பகுதியை மட்டும் மூத்தவர் கண்காணிப்பில் தாமே செய்தல். ஒரு பகுதி திருந்தியபின் அடுத்த பகுதி. விழியின் வெண்பகுதியில் மூன்று நுண்துளைகள் இட்டு, ஒன்றின் வழியே நீர்மமும், ஒன்றின் வழியே விளக்கும், மற்றொன்றின் வழியே வெட்டுங்கருவியும் செலுத்துவர். உரிந்த படலத்தை மீண்டும் சுவரோடு படியவைத்து, லேசர் ஒளியால் கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி ஒட்டவைப்பர். பின்னர் வளியோ சிலிக்கோன் எண்ணெயோ விழியினுள் நிரப்புவர். கை ஒரு மயிரிழை பிசகினாலும் படலம் கிழியும். இத்தகைய பொறுப்பை ஒரே நாளில் ஒருவர் கையில் தருதல் ஆகாது. தராமலே இருத்தலும் ஆகாது. எப்பொழுது தருவது என்பதை அறிவதே ஆசிரியரின் திறம்.

பிரிந்து செல்லும் மாணவர்

இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் மதுரைக்கு வந்து பயின்றனர், இன்றும் பயில்கின்றனர். பயிற்சி முடிந்ததும் அவருள் பலர் தத்தம் ஊர் சென்றனர். சிலர் தனி மருத்துவமனைகள் தொடங்கினர். அரும்பாடுபட்டுப் பழக்கியவர் பிரிந்து செல்வது நிறுவனத்திற்கு இழப்பன்றோ என்று எவரும் எண்ணக்கூடும். அவ்வாறு வெங்கடசாமி எண்ணவில்லை. உலகில் எந்த மூலையில் ஒருவர் கண் பெற்றாலும் அது தம் நோக்கம் நிறைவேறியதே என்று அவர் கொண்டார். தம் மருத்துவமனையின் நடைமுறைகளை மறைத்துவைக்காமல் பிற மருத்துவமனைகளுக்கும் கற்பிக்கவென்றே 1992இல் ஒரு பயிற்சி நிறுவனம் தோன்றியது. கண்ணுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யும் ஆரோலேப் என்னும் தொழிற்கூடமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

மருத்துவர்களோடு அவர் நிறுத்தவில்லை. சிற்றூர்களில் பள்ளிக் கல்வி முடித்த இளம்பெண்களைத் தேர்ந்து, கண் மருத்துவத் துணைப் பணியாளராகப் பயிற்றினார். பார்வையை அளத்தல், நோயாளரை அறுவைக்கு ஆயத்தம் செய்தல், அறுவைக் கருவிகளைப் பேணுதல் ஆகியவற்றை அப்பெண்கள் செவ்வனே செய்தனர். அதனால் மருத்துவர் தம் நேரம் முழுவதையும் அறுவைக்கே செலவிட முடிந்தது.

நிலைத்த பயன்

வெங்கடசாமி மணம்புரிந்து கொள்ளவில்லை. எளிய உடையும் எளிய உணவுமே கொண்டார். முதுமையிலும் நோயாளரிடையே நடந்து திரிந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், 87ஆம் வயதில், மதுரையில் உயிர் நீத்தார்.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. தேனியைச் சூழ்ந்த ஊர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்கள் தோன்றின. அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளரின் கண்ணை ஆராய, தேனியில் இருக்கும் மருத்துவர் கம்பியில்லாத் தொடர்பின் வழியே நோயாளரைத் திரையிற் கண்டு அறிவுரை கூறும் முறை ஏற்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இதற்குத் துணைபுரிந்தனர். நீரிழிவு நோய் விழித்திரையின் குருதிக் குழாய்களைக் கெடுத்துப் பார்வையைப் பறிப்பது இக்காலத்தில் பெருகி வருகிறது. அதனை ஆராய அம்மருத்துவமனையினர் தேனி மாவட்ட மக்களிடையே நடத்திய ஆய்வு, 2009இல் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. நீரிழிவு உடையோர் பார்வை நன்றாய் இருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும் என்பது மருத்துவர் கூறும் அறிவுரை.

ஒருவர் தம் கையால் செய்யும் தொண்டுக்கு அவர் வாழ்நாளே எல்லை. அவர் கற்பித்த கைகள் செய்யும் தொண்டுக்கு அவ்வெல்லை இல்லை. கருவி பிடிக்கவே இயலாத விரல்களோடு தொடங்கிய ஒருவர், உலகின் பல நாடுகளில் கருவி பிடிக்கும் விரல்களுக்கு வழிகாட்டியானார். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் கண்ணில் திரை விழும்போது, அதனை விலக்கவல்ல மருத்துவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அம்மருத்துவரை ஆக்குவதற்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவ்வாசிரியர் மரபு அறாது காத்தலே வெங்கடசாமி விட்டுச்சென்ற செல்வம். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது பிறர்க்கு வழங்கும் அவர் நெறியை மாணவர் தம் வாழ்விலும் கடைப்பிடிப்பாராக.